மைமூன் பீவியின் பல்செட்

கண்ணாடி டம்ளருக்குள் கிடந்து பல்செட் சிரித்தது. டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு செல்வனும் சிரித்தார்.

அபுதாஹிருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்தபின் அவர் பார்க்காத அசிங்கம் இல்லை. சாக்கடைக்குள் கையைவிட்டு மோதிரம் தேடியிருக்கிறார், கல்யாண மண்டபத்துக் குப்பையில் எச்சில் இலைகளைப் புரட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு காரியத்தை முடித்தவர் இப்போது ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். டம்ளருக்குள் இருந்த சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வெளியே இருந்த சிரிப்புதான் சகிக்கவில்லை.

"இதுதான் சார் தடயம்," என்றார் செல்வன். "நான் யாரையும் தொட விடல்ல. ராத்திரியும் காலையிலயும் தண்ணி மட்டும் மாத்தினேன்."

"தடயத்துக்கு வேளாவேளைக்குத் தண்ணி காட்டுறவரு நீங்க ஒரு ஆளாத்தான் இருக்கும். ஒரு வாய் கஞ்சியும் ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றாள் ஜெப்சி.

ஜெப்சி நெய்யூர்க்காரி, அபுதாஹிரின் உதவியாளர். வாயை வாடகைக்கு விட்டே பிழைத்துக்கொள்வாள் என்று அவளைப் பற்றி அபுதாஹிர் சொல்வது உண்டு. செல்வன் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிடும்.

விஷயம் இதுதான். கோட்டாறில் பழைய மிளகாய்க் கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, 'பொன்மாலை மன்றம்' என்று பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள். வயதானவர்கள் காலையில் வந்து கேரம் ஆடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், வீட்டுச் சண்டையை ஒருவருக்கொருவர் சொல்லி ஆற்றிக்கொண்டு சாயங்காலம் கிளம்புவார்கள். நடத்துவது சம்பளம் வாங்காத தொண்டர்கள். செயலாளர் செல்வன். கிட்டங்கி மட்டும் மைமூன் பீவியினுடையது. கணவர் விட்டுப்போன கட்டடத்தை மன்றத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டுத் தானும் ஓர் உறுப்பினராக வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறவர் அவர்.

நேற்று சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கப் போன மைமூன் பீவி, வாய் கொப்பளிப்பதற்காகப் பல்செட்டைக் கழற்றிக் குழாயடி ஜன்னலில் ஒரு டம்ளரில் போட்டு வைத்தார். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் டம்ளர் இருந்தது, பல் இல்லை. செல்வனே முன்னின்று எல்லோர் பையையும் சோதித்தார். கணபதியப்பனின் துணிப்பைக்குள் கிடைத்தது.

கணபதியப்பனுக்குத் தோவாளைப் பக்கம். நெல்லும் பூவும் விளைவித்த மனுஷர். நினைவு தப்பிக் கொஞ்ச காலமாகிறது. மகன் சவூதியில் இருக்கிறான், மருமகள் சுனிதா நாகர்கோவிலில் துணிக்கடையில் நிற்கிறாள். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் கூட்டிப் போவாள். இந்த மன்றம் ஆரம்பிக்கும் முன்பு அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், வேறு வழியில்லை. கதவை இடித்து இடித்துக் கைமுட்டி தோலுரிந்து போயிருந்ததை அவர் வந்த முதல் நாளில் எல்லோரும் பார்த்தார்கள். அவரை மன்றத்திலிருந்து நீக்கினால் மறுபடியும் அந்த அறைதான்.

"நீக்குறது எனக்கும் மனசுக்குக் கஷ்டந்தான் சார்," என்றார் செல்வன், கஷ்டத்தின் நிழல்கூட விழாத முகத்தோடு. "ஆனா மத்தவங்க பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? சில பேரு அவரு எடுத்திருக்க மாட்டாருன்னு முணுமுணுக்காங்க. வெளியாளு நீங்க விசாரிச்சு ரெண்டு வரி எழுதித் தந்துட்டா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

"எப்ப வேணும்?"

"அவசரமே இல்ல. நாளைக்கழிச்சு தந்தாப் போதும். அதுவரை பல்செட்டு இந்த அலமாரியில பத்திரமா இருக்கும். பெரியவரு நாளைல இருந்து வரவேண்டாம்னு மருமகளுக்குப் போன் பண்ணியாச்சு."

"மாமி அதுவரைக்கும் என்னத்த வச்சுத் திங்கும்?" என்று கேட்டாள் ஜெப்சி.

"வயசானவங்களுக்கு ராத்திரி கஞ்சி நல்லதுதானே?"

சிரித்தபடியே டம்ளரை மர அலமாரியில் வைத்துப் பூட்டினார். கதவு மூடும்போது கீழ்த்தட்டிலிருந்து புளித்த வாடை ஒன்று வந்தது. அபுதாஹிர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

*

கணபதியப்பன் கேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து காய்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ யாருக்க மகனாக்கும்?" என்று அபுதாஹிரைக் கேட்டார்.

"கோட்டாறு மீரான் சாயிபுக்க மகன், அண்ணாச்சி."

"கொள்ளாம். அப்பன் சுகமா இருக்கானா?"

"மவுத்தாயிட்டாரு."

"அடப்பாவமே!" பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நீ யாருக்க மகனாக்கும் மக்களே?"

பெரியவர் கேட்கக் கேட்க அபுதாஹிர் மறுபடி மறுபடி சொன்னார். தன் வாப்பாவுக்காக ஒரே நாளில் இத்தனை முறை ஒருவர் வருத்தப்பட்டது அவருக்கு இதமாகவே இருந்தது.

ஜெப்சி துணிப்பையைக் கவிழ்த்தாள். ஒரு ஸ்ட்ரைக்கர், சில கேரம் காய்கள், சட்டைப் பொத்தான், யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சாவி, வாடிப்போன பிச்சிப்பூ.

"பாட்டா திருடருதான் சாரே, சந்தேகமே வேண்டாம்," என்றாள். "போர்டு பைக்குள்ள கொள்ளல்ல, அதனால தப்பிச்சுது."

தொண்டர் ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். கணபதியப்பன் டம்ளரை வாங்கினார், தலையை அண்ணாந்தார், ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றினார். உதட்டில் டம்ளர் படவில்லை, சட்டையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. பெற்ற மகனின் பெயர் தெரியாத மனுஷர்.

அபுதாஹிர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் டம்ளரை எடுத்து, வேண்டுமென்றே வாய் வைத்து ஒரு மிடறு உறிஞ்சினார். அதை அப்படியே பெரியவர் முன்னால் நீட்டினார்.

"இதையும் குடிங்க அண்ணாச்சி."

கணபதியப்பன் இரண்டு கைகளையும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். முகம் சுருங்கியது. "ஏலே, எச்சிலாக்கும் அது! எடுத்து மாத்து!" என்றவர், தொடாத டம்ளருக்காக விரல்களை வேட்டியில் அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

இந்தக் கட்டடத்தில் தன்னைப் போலவே அருவருப்புப் படத் தெரிந்த ஓர் ஆளைக் கண்டுபிடித்த திருப்தி அபுதாஹிருக்கு. ஜெப்சியை ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தப் பையில வாய்க்குள்ள போன சாமான் ஏதாவது இருந்துதா?"

"இல்ல சாரே."

"பேரு மறந்துட்டு, ஊரு மறந்துட்டு. எச்சில் மறக்கல்ல. அடுத்தவங்க வாய் வச்ச டம்ளரத் தொடாதவரு அடுத்தவங்க வாய்க்குள்ள கிடந்த பல்லத் தொடுவாரா? இவரப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளுதான் அத இவரு பையில கொண்டுபோய்ப் போட்டிருக்கணும். சரி, கிடைச்சப்ப அது எப்படி இருந்துதுன்னு விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். ஈரப் பஞ்சுல சுத்தி, பாலித்தீன் கவருக்குள்ள."

"ஏன் ஈரப் பஞ்சு?"

ஜெப்சி நெற்றியைச் சொறிந்தாள். "எங்க அம்மைக்கும் பல்செட்டு உண்டும். காய விட்டா வளைஞ்சு போவும், பெறவு ஈறுல ஏறாதுன்னு ராத்திரி தண்ணியிலதான் போட்டு வைக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அப்போ எடுத்த கள்ளனுக்கு அது தெரியும்."

"தெரியுறது மட்டுமில்ல, கை தன்னால செஞ்சிருக்கு. களவாண்ட பொருளு கெட்டுப்போவக் கூடாதுன்னு பாத்துச் சுத்தியிருக்கான். தினமும் அந்த வேலையச் செய்யுத ஆளுக்குத்தான் அந்தப் புத்தி வரும்."

"இங்க பாதிப்பேருக்கு வாயில கட்டுப்பல்லுதானே?"

"அந்த நேரத்துல பெரியவங்க எல்லாம் ஒண்ணு தொழுகையில, இல்லேண்ணா பாட்டு கிளாஸ்ல. குழாயடிக்கு டம்ளர் கழுவப் போனது தொண்டருங்க மட்டும். அதுல யாருக்குப் பல்செட்டுன்னு கண்டுபிடி. வாயத் தொறந்து காட்டுங்கன்னு கேக்கப்படாது."

ஜெப்சி வெளியே போய்ப் பக்கத்துப் பலகாரக் கடையில் ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து வாங்கிவந்தாள். பாசிப்பயறும் வெல்லப்பாகும் உருட்டிச் சுட்டது. அன்றைக்குக் கிடைத்ததோ கருங்கல் ஜாதி. "எனக்கு வேலை நிரந்தரமாயிட்டு, இனிப்பு எடுத்துக்கிடுங்க" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி எல்லாத் தொண்டர்களிடமும் நீட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"எல்லாரும் கடக்கு மொடக்குன்னு கடிச்சுத் தின்னாச்சு சாரே. ஒருத்தரு மட்டும் விரலால உடைச்சுப் பாத்தாரு, உடையல்ல. டீக்குள்ள முக்கி வச்சிட்டு, அது ஊறி வாற வரைக்கும் தொண்டு செய்யிறதப் பத்தி எனக்கு ஒரு பிரசங்கம் வச்சாரு."

"யாரு?"

"நம்மள வரச்சொன்ன ஆளாக்கும்."

பத்திரிகையில் வந்த சிரிப்பு எல்லாம் அபுதாஹிரின் கண்முன் வரிசையாக வந்து போயிற்று. அத்தனையும் ராத்திரி தண்ணீரில் ஊறிய சிரிப்பு. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார். "எதுக்குன்னு தெரியல்ல. வா, மாமியப் பாப்போம்."

*

மைமூன் பீவி தொழுகை அறையில் துப்பட்டியை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினார், கையை விரித்தார். சந்தையில் நின்று பத்து வியாபாரிகளை ஒரே சத்தத்தில் அடக்கிய பெண்பிள்ளை அவர் என்று கோட்டாறில் எல்லோருக்கும் தெரியும். பல் இல்லாத வாயோடு அடுத்தவர் முன்னால் பேசுவதைவிட ஊமையாக இருந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

"மாமி, நான் செவத்தப் பாத்துத் திரும்பி நிக்கேன்," என்றார் அபுதாஹிர். "ஜெப்சியும் திரும்பிக்கிடுவா. யாரும் பாக்க மாட்டோம். சொல்லுங்க."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பிறகு காற்று கலந்த, குழைந்த குரல் ஒன்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கணபதியப்பனுக்கு எத்தன பொறந்தநாளு வாப்பா இந்தச் செல்வன் கொண்டாடுவான்? போன வாரமும் கொண்டாடுனான். அதுக்கு முந்துன வாரமும் கொண்டாடுனான். தலையில காகிதக் கிரீடம் வப்பான். போனுக்குள்ள இருந்து வெளிநாட்டுல இருக்க நம்ம ஊருக்காரங்க பாட்டுப் பாடுவாங்க. செலவு அவங்களுக்கக் கணக்காம். ஒவ்வொரு வாட்டியும் வேற குடும்பம், வேற காசு. பெரியவரு, இன்னைக்கு எனக்கு பொறந்தநாளான்னு கேட்டுக்கிட்டு, கேக்குக்கு வாயத் தொறந்து வச்சுக்கிட்டு இருப்பாரு. போன அணைச்சதும் கேக்க எடுத்துக்கிட்டுப் போயிருவான். ஒரு துண்டு குடுக்க மாட்டான்."

"நீங்க கேட்டீங்களா மாமி?"

"கேட்டேன். அந்த வெளிநாட்டுக்காரங்க நாலு குடும்பமும் லீவுக்கு வந்திருக்காங்க. நாளைக்கு மன்றத்தப் பாக்க வாறாங்க. அவங்க முன்னால எல்லாத்தையும் சொல்லுவேன்னு சொன்னேன். மறுநாளு எனக்கெ பல்லக் காணல்ல."

அபுதாஹிர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். நாலு குடும்பம், வெவ்வேறு நாடு. ஒருவரை ஒருவர் தெரியாது. நாளைக்கு நாலு பேரும் ஒன்றாக உள்ளே வந்து, தாங்கள் வாழ்த்துப் பாடிய பெரியவரைத் தேடுவார்கள். நாலு விரலும் ஒரே ஆளை நோக்கி நீளும். அதனால் அந்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கக்கூடாது. உண்மையைச் சொல்லக்கூடிய வாயும் இருக்கக்கூடாது. கட்டடத்துக்காரியை வெளியே அனுப்ப முடியாது, ஆகவே பல்லை எடுத்தாயிற்று. அந்தப் பல்லை நாளை முடியும்வரை அலமாரியில் வைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும். விசாரணையைவிட நல்ல சாக்கு ஏது?

"அவசரமில்லன்னு சொன்னது இதுக்குத்தான் மக்கா," என்றார் ஜெப்சியிடம். "அந்த அலமாரிக்குப் பூட்டு நாமதான்."

சொன்னபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

*

செல்வன் அலமாரியைத் திறக்க முதலில் மறுத்தார். ஜெப்சி "ரிப்போர்ட்ல தடயத்துக்க நிறம் எழுதணும் சார்" என்றதும் சாவியைப் போட்டார். கதவு திறந்த வேகத்தில் அவள் குனிந்து கீழ்த்தட்டிலிருந்த அட்டைப்பெட்டியை வெளியே இழுத்தாள்.

உள்ளே ஒரு வட்டமான கேக். தெர்மாகோலை வெட்டி, மேலே கிரீம் பூசியது. ஒரு துண்டு அளவுக்கு மட்டும் பள்ளம். வெட்டும்போது காட்டுவதற்கு நிஜக் கேக்கை அதில் செருகிக்கொள்ளலாம். கிரீம் புளித்து மஞ்சளித்து, எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. மேலே மடங்கிப்போன காகிதக் கிரீடம்.

"டிவி வந்த பெட்டியில டிவிக்கு அடியில இருக்குமே சாரே, அந்தக் கேக்காக்கும்," என்றாள் ஜெப்சி.

செல்வனின் சிரிப்பு இப்போதும் கலையவில்லை. "சார், நீங்க விவரம் தெரிஞ்சவங்க. வெளியில இருக்கவங்களுக்கு ஒரு திருப்தி, மன்றத்துக்கு ஒரு பேரு. வேற ஆட்கள வச்சும் பண்ணிப் பாத்தேன். ரெண்டாவது தடவை மூஞ்சியில நடிப்புத் தெரிஞ்சிருது. இவருக்கு அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் உண்மையான சந்தோஷம். அவரு சந்தோஷப்படுறாரு, அவங்க சந்தோஷப்படுறாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அபுதாஹிர் திருடர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார். செய்தது தப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே அவர்களோடு உட்கார முடிந்தது. இந்த ஆளோடு ஒரே அறையில் மூச்சு விடுவதே சிரமமாக இருந்தது.

"பல்ல எடுத்தது நீங்கதான்."

"சும்மா சொல்லக்கூடாது சார். என்ன அத்தாட்சி?"

அபுதாஹிர் பொட்டலத்திலிருந்து கடைசி முந்திரிக்கொத்தை எடுத்து நீட்டினார். "இதக் கடிச்சுக் காட்டுங்க. நான் மன்னிப்புக் கேட்டுட்டு இறங்கிப் போயிருதேன்."

செல்வன் அதை வாங்கவில்லை. முதல் தடவையாக அவருடைய உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"வயசானா பல்லு போவும். அது ஒரு குத்தமா?" என்றார் கடைசியில், உதட்டை அதிகம் பிரிக்காமல்.

"பல்லு போனதுல குத்தமே இல்ல. அது இல்லாம நாலு பேரு முன்னால வாயத் தொறக்குறது எவ்வளவு வெக்கம்னு உங்களுக்குத் தெரியும். அந்த வெக்கத்த ஊருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கீங்க. அதே வெக்கத்தத்தான் எடுத்து ஒரு பொம்பளைக்க வாயில அடைச்சிருக்கீங்க. தெரியாம செஞ்சிருந்தாக்கூட மன்னிக்கலாம்."

ஜெப்சி டம்ளரை எடுத்துக்கொண்டு தொழுகை அறைக்கு ஓடினாள்.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுனிதா உள்ளே வந்தாள், துணிக்கடைச் சீருடைச் சேலையோடு. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமனாரின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நாளைல இருந்து கொண்டாராண்டாம்னு சார் போன்ல சொன்னாங்க," என்றாள் பொதுவாக. "அடிக்கடி லீவு போட்டா கடையில நிறுத்திருவாங்க. நான் என்ன செய்ய?"

கைப்பைக்குள்ளிருந்து பாதி வெளியே தெரிந்தது ஒரு புதுப் பூட்டு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அபுதாஹிர் பார்ப்பதைக் கண்டு அவள் அதை உள்ளே தள்ளினாள். "பழசு துருப்பிடிச்சுப் போச்சு," என்றவள் அப்படியே நின்று அழுதுவிட்டாள்.

கணபதியப்பன் அவளைப் பார்த்துப் பதறினார். "யாரு பிள்ளே அடிச்சா? சொல்லு!"

"யாரும் அடிக்கல்ல. அழாண்டாம்," என்று ஒரு குரல் கேட்டது. கிட்டங்கியே நிமிர்ந்து பார்த்தது. குழையவில்லை, ஒழுகவில்லை, ஒவ்வொரு எழுத்தும் நறுக்கு நறுக்கென்று விழுந்தது. மைமூன் பீவி துப்பட்டியை முகத்திலிருந்து தோளுக்கு இறக்கிவிட்டு நடந்து வந்தார். எறும்பு மொய்த்த கேக்கை ஒரு தடவை பார்த்தார், செல்வனை ஒரு தடவை பார்த்தார். எதைப் பார்த்து அதிகம் முகம் சுளித்தார் என்று சொல்வது கஷ்டம்.

"அந்தப் பூட்ட இங்க தா மக்களே."

சுனிதா தயங்கித் தயங்கிச் சாவியோடு எடுத்துக் கொடுத்தாள். மைமூன் பீவி கேக்குப் பெட்டியைக் காலாலேயே அலமாரிக்குள் தள்ளினார். கதவைச் சாத்தி, செல்வனின் பூட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, புதுப் பூட்டைக் கொண்டியில் மாட்டி அழுத்தினார். "இதாக்கும் தடயம்," என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலையில இவரக் குளிப்பாட்டி, நல்ல வேட்டி உடுத்திக் கொண்டா," என்றார் சுனிதாவிடம். "நாலு குடும்பம் வருது. அவங்கவங்க பெரியவர அவங்கவங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்."